டெக்கோபா வெந்நீர்

அமெரிக்காவுக்கு வரும் அம்மா அப்பாக்களிடம் இங்கே என்ன குறை என்று கேட்டால் குளிர் என்பார்கள், காய்கறியில் ருசியில்லை என்பார்கள், பல்வலி என்று போனால் சொத்தை எழுதிவைக்கச் சொல்கிறான் என்பார்கள். என் அப்பாவுக்கு இருந்தது ஒரே குறை. தெருவில் ஆள் கிடையாது.

நாங்கள் அப்போது லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே இர்வைனில் குடியிருந்தோம். சாயங்காலமானால் கார் வரும், கராஜ் கதவு தானாக ஏறும், கார் உள்ளே போகும், கதவு இறங்கிவிடும். உள்ளே போனவர் மறுநாள் காலை காரோடுதான் வெளியே வருவார். அப்பா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இதைப் பார்த்தபடி இருப்பார். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ட்ராலியில் போகும்போது வயலில் களை எடுக்கிறவர்களிடம்கூட இரண்டு வார்த்தை பேசாமல் தாண்டமாட்டார். "ஏல, இந்த ஊர்ல மனுசன் குடியிருக்கானா, கார் குடியிருக்கா?" என்று ஒருநாள் கேட்டார். பாஸ்போர்ட்டில் குத்திக்கொடுத்த ஆறு மாதத்தில் பாதிகூட முடியவில்லை. அதற்குள் டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்ற பேச்சும் ஆரம்பமாகிவிட்டது.

அந்த 2017 பிப்ரவரியில்தான் ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு டெத் வேலிக்குக் கிளம்பினோம். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: லாரி முகப்பு, பின்னால் ஒரு குட்டி வீடு. அடுப்பு, ஃபிரிட்ஜ், படுக்கை, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே. சாப்பாட்டு மேசையை மடக்கினால் அதுவும் படுக்கை. அம்மாவுக்கு இதில் பிடித்தது, எங்கே நிறுத்தினாலும் சொந்த அடுப்பில் காப்பி போடலாம் என்பதுதான். அப்பா நேராக வண்டியின் அடியில் குனிந்து அச்சையும் பட்டைகளையும் பார்த்துவிட்டு வந்தார்.

பதினைந்தாம் எண் நெடுஞ்சாலையில் பார்ஸ்டோ தாண்டி பேக்கர். லாஸ் வேகஸுக்குப் போகிறவர்கள் பெட்ரோலுக்கும் சிறுநீருக்கும் நிற்கும் ஊர். அங்கே 134 அடி உயரத்தில் ஒரு வெப்பமானித் தூண் நிற்கிறது. 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக அந்த உயரம். நம் கணக்கில் 56.7 டிகிரி செல்சியஸ். நாங்கள் போன மதியம் அது அறுபத்து சொச்சம் ஃபாரன்ஹீட் காட்டி, ஸ்வெட்டர் போட்ட மனிதர்களைப் பார்த்து நின்றது. பேக்கரில் வேகஸ் கூட்டம் நேரே போய்விடும். வடக்கே திரும்பும் 127ஆம் எண் சாலையில் ஏறினால் எதிரே வண்டி வருவதே அபூர்வம். காற்று மட்டும் பக்கவாட்டில் அறையும். ஆர்.வி.யின் முதுகு பெரியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படியே போனபிறகு மலைகளின் நிறம் வெளுக்கிறது. பழுப்பு மறைந்து, சுண்ணாம்பு கரைத்து ஊற்றினாற்போல மேடும் பள்ளமும். அதுதான் டெக்கோபா.

அந்த வெளுப்பு ஒரு ஏரியின் தரை. பனியுகக் காலத்தில் அங்கே தண்ணீர் நின்றது. ஏரி உடைத்துக்கொண்டு வடிந்த பிறகு, அடியில் படிந்த களிமண் மட்டும் மழையில் அரிபட்டு இப்படிக் குன்று குன்றாக நிற்கிறது. அதன் அடுக்குகளில் எரிமலைச் சாம்பல் பட்டைகள் உண்டு. ஒரு பட்டை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யெல்லோஸ்டோன் எரிமலை வெடித்தபோது காற்றில் வந்து விழுந்தது. ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வயது. பக்கத்தில் போய் நின்றால் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்.

இதன் நடுவில் ஓடுகிறது அமர்கோசா ஆறு. ஓடுகிறது என்று சொல்வதற்கு மனத்துணிவு வேண்டும். நெவாடாவில் புறப்பட்டு ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் வரும் அந்த ஆறு, பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலேயே வருகிறது. டெக்கோபா மாதிரிச் சில இடங்களில் மட்டும் கொஞ்ச தூரம் தலையை நீட்டும். பிறகு தெற்கே போய் ஒரு வளைவு வளைந்து, வடக்கே திரும்பி, கடல்மட்டத்துக்குக் கீழே 86 மீட்டரில் இருக்கும் டெத் வேலித் தரையில் காணாமல் போகும். எந்தக் கடலையும் அது பார்ப்பதில்லை. வெந்நீர் இந்த ஆற்றுடையது அல்ல. தொலைவில் லாஸ் வேகஸுக்கு மேற்கே உள்ள உயர்ந்த மலைகளில் பெய்த மழையும் உருகிய பனியும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, ஆழத்தில் சூடேறி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்துப் பாறைப் பிளவு வழியாக மேலே வருகிறது. பையூட், ஷோஷோனி மக்கள் நெடுங்காலமாக இதில் குளித்து வந்தவர்கள். ஊரின் பெயரே பையூட் தலைவர் ஒருவருடையது. இப்போது ஊற்று இருக்கும் இடம் இன்யோ கவுண்டியின் பூங்கா.

பூங்கா என்றதும் புல்வெளியை நினைக்க வேண்டாம். சரளைத் தரை. வரிசையாக ஆர்.வி.க்கள். தரையில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். மழை பெய்த இடத்தில் கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் சேறு. சாலைக்கு அருகில் தாழ்வான ஒரு குளியல் கட்டடம். சுற்றிலும் நாணல். அம்மா இறங்கி நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு தூரம்?" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரவு அங்கே தங்கிவிட்டு விடிந்ததும் டெத் வேலிக்குப் போவதாகத்தான் ஏற்பாடு.

வண்டி நின்ற இடம் சாய்வாக இருந்தது. இதில் ஒரு சங்கதி. ஆர்.வி. ஃபிரிட்ஜ் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இல்லை. கேஸ் சூட்டில் ஓடும் அந்த வகைக்கு வண்டி சமமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் தேங்கி, குளிர்ச்சி போய்விடும். நான் வாடகைக்காரர் கொடுத்த காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு டம்ளர் தண்ணீரை அடுப்பு மேடையில் வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்து, "இடது பின்சக்கரம் ரெண்டு அங்குலம் தூக்கணும்" என்றார். தூக்குவதற்குக் கட்டை இல்லை. அப்போதுதான் பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பெரியவர் இரண்டு கையிலும் பலகைத் துண்டுகளோடு வந்தார். தொப்பி, மேல்சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை, காலில் ரப்பர் செருப்பு. கனடாவில் சஸ்காச்சுவானிலிருந்து வந்தவர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று பின்னால் தெரிந்தது.

இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். அவர் பலகையை வைப்பார், அப்பா தலையை ஆட்டி அரை அங்குலம் தள்ளுவார். நான் வண்டியை முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி நகர்த்தினேன். எனக்கு உத்தரவு போட்டது அப்பாவின் கை மட்டும்தான். கேங்மேன்களுக்குக் காட்டுவாரே, அதே சைகை. கனடாக்காரர் தன் பாக்கெட்டிலிருந்து சின்ன ஸ்பிரிட் லெவல் எடுத்து வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அப்பா டம்ளரைக் காட்டினார். அவர் சிரித்து, தொப்பியைத் தூக்கி மறுபடி வைத்துக்கொண்டார். இரும்புப் பாதையில் வேலை பார்த்தீர்களா என்று கேட்டார் என்றால் நம்பமாட்டீர்கள். கேட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா இரண்டு மணி நேரம் வெளியே நாற்காலியில் இருந்தார். டெக்கோபாவில் யாரும் வண்டிக்குள் இருப்பதில்லை. ஒவ்வொரு ஆர்.வி. வாசலிலும் மடக்கு நாற்காலி இரண்டு, ஒரு தரைவிரிப்பு, ஒரு நாய். நடந்து போகிறவர்களைப் பார்த்து எல்லோரும் பேச்சுக் கொடுக்கிறார்கள். எங்கிருந்து, எத்தனை நாள், குளியல் தொட்டியில் இப்போது கூட்டமா. குளிர்காலத்தில் தங்கள் ஊரில் மைனஸ் முப்பது என்று தெற்கே இறங்கி வரும் இந்த வயதானவர்களை அமெரிக்காவில் பனிப்பறவைகள் என்பார்கள். நவம்பரில் வந்து மார்ச்சில் திரும்புகிறவர்கள். அறுபது, எழுபது வயது. அவசரம் கிடையாது. அமெரிக்கா வந்த நாளாக அப்பா தேடிய திண்ணை இந்தப் பாலைவனத்தில், சக்கரத்தின் மேல் இருந்தது.

கனடாக்காரர்களுக்கும் வழக்கமாக ஆறு மாதம்தான் அனுமதி. அதற்கு மேல் வெளியே தங்கினால் தங்கள் மாகாணத்து மருத்துவக் காப்பீட்டிலும் சிக்கல் வரலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். இதைக் கேட்டதும் அப்பாவுக்கு ஏற்பட்ட திருப்தியைச் சொல்லி முடியாது. "வெள்ளக்காரனுக்கும் ஆறு மாசம்தானா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

குளியலுக்கு வருகிறேன். கட்டடத்தில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று தனித்தனி. வாசலில் விதிப் பலகை. தொட்டியில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். தொட்டிக்குள் சோப்பு கூடாது. நீச்சலுடை கூடாது. கடைசி வரியை நான் இரண்டு முறை வாசித்தேன். துணியில் இருக்கும் சலவைத்தூளும் அழுக்கும் தண்ணீரைக் கெடுக்கும் என்பது காரணம். தண்ணீர் அங்கே மருந்து போட்டுச் சுத்தமாக்கப்படுவதில்லை, ஊற்றிலிருந்து வந்துகொண்டே, வழிந்துகொண்டே இருக்கிறது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்க, அவரே பலகையைப் படித்துவிட்டார். இடுப்புத் துண்டோடு உள்ளே போனார். குற்றாலத்தில் எண்ணெய் வழிய வழிய ஆயிரம் பேருக்கு நடுவில் நின்றவர்தான். ஆனால் அங்கே கோவணமாவது உண்டு.

உள்ளே நாலைந்து கிழவர்கள் கழுத்தளவு நீரில் இருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவருக்கு நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக அறுவைத் தழும்பு. ஒருவருக்கு முழங்காலில். அப்பாவுக்கும் இடது தொடையில் ஒரு தழும்பு உண்டு, பழைய பாதையில் ஸ்லீப்பர் விழுந்தது. அம்மாவுக்குத் தெரியும், எனக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துண்டை மடித்துக் கம்பியில் போட்டுவிட்டு இறங்கினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நாகரிகமாகச் சொல்லிவைக்கிறேன்.

தண்ணீர் நாற்பது டிகிரிக்கு மேல். முதலில் கணுக்கால் வேண்டாம் என்னும். முழங்கால் வரை போனால் பழகும். தோள் முங்கியதும் மூச்சு நீளமாக வெளியே வரும். மூக்கைத் துளைக்கும் கந்தக வாடையை எதிர்பார்த்திருந்தேன், இல்லை. கையோடு கையைத் தேய்த்தால் சோப்பு நுரையைக் கழுவாமல் விட்டதுபோல் வழுக்குகிறது, அவ்வளவு தாதுக்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருக்க முடியாது. மேலே ஏறிப் படியில் உட்கார்ந்து, உடம்பிலிருந்து ஆவி பறக்க ஆறிக்கொண்டு, மறுபடி இறங்க வேண்டும். வெளியே பாலைவனக் குளிர் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கியிருந்தது. தொட்டிப் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. பெயர் கேட்கமாட்டார்கள். வேலை கேட்கமாட்டார்கள். மூட்டு, முதுகு, டீசல் விலை, அடுத்து எந்த ஊற்று. துணியில்லாத இடத்தில் யார் டாக்டர், யார் லாரி ஓட்டுகிறவர் என்று தெரிய வழியில்லை. அப்பா தன்னுடைய ரயில்வே இங்கிலீஷை எடுத்தார். அது மெமோவில் எழுதும் இங்கிலீஷ். "கைண்ட்லி" இல்லாமல் ஒரு வாக்கியம் வராது. கழுத்தளவு வெந்நீரில் இருந்துகொண்டு "கைண்ட்லி இன்ஃபார்ம்" என்று அவர் ஆரம்பித்தபோது கிழவர்கள் மரியாதையாகக் காது கொடுத்தார்கள்.

பெண்கள் பக்கம் என்ன நடந்தது என்பதற்கு இன்றுவரை தகவல் இல்லை. அம்மாவும் என் மனைவியும் ஒரு மணி நேரம் கழித்துத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள். "தண்ணி நல்லாருக்கு" என்றாள் அம்மா. அதோடு சரி. மறுநாள் விடியற்காலம், நான் எழுந்திருக்குமுன்பே, தானாகப் போய் ஒருமுறை குளித்துவிட்டு வந்திருந்தாள்.

காப்பி விஷயத்தில்தான் அம்மா ஏமாந்தாள். அவ்வளவு மகிமையான தண்ணீரைக் குடிக்கக்கூடாது. அந்த ஊர் நிலத்தடி நீரில் ஆர்சனிக்கும் ஃபுளூரைடும் அதிகம். ஊர்க்காரர்களே குடிநீரைத் தனியாகக் கேனில் பிடித்துக்கொள்கிறார்கள். நாங்கள் கேன் கொண்டு போயிருந்தோம். "குளிக்க அமிர்தம், குடிக்க விஷமா?" என்று அம்மா நம்பாமல் பார்த்தாள். எங்களுக்கு எதிரே ஒரு சிறிய வேனில், வருஷம் முழுக்க அதிலேயே வாழ்கிற, கணவரை இழந்த ஒரு பெண்மணி இருந்தார். அம்மா அவருக்கு எலுமிச்சை சாதம் கொடுத்தாள். அவர் பேரீச்சம்பழம் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அதனால் பேச்சு தடைப்படவும் இல்லை.

அந்தப் பேரீச்சம்பழம் விளையும் சைனா ராஞ்ச் சில மைல் தள்ளி ஒரு பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. போராக்ஸ் என்ற வெண்காரம் எடுக்கும் வேலைக்கு வந்த சீனர் ஒருவர் அங்கே காய்கறி போட்டார், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். பேரீச்சை போட்ட மில்க்‌ஷேக் நன்றாக இருந்தது. அதற்காகத்தான் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா மில்க்‌ஷேக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தேடிப் போனால் ஆற்றோரமாக நீளும் ஒரு மேட்டின் மீது நின்றுகொண்டிருந்தார்.

"இது ரயில் கரைல்லா?" என்றார்.

தகவல் பலகையைப் பார்க்காமலே சொன்னார். சரிவைப் பார்த்துச் சொன்னார். இயற்கை மேடு இப்படி ஒரே சீராக ஏறாதாம். உண்மைதான். டோனோபா அண்ட் டைட்வாட்டர் ரயில்பாதை. போராக்ஸ் முதலாளி ஃபிரான்சிஸ் மேரியன் ஸ்மித் போட்டது. 1905இல் லட்லோவில் ஆரம்பித்து, 1907இல் நெவாடாவின் தங்கச் சுரங்கப் பகுதியை எட்டியது; ஏறத்தாழ 270 கிலோமீட்டர். அதில் எல்லோரையும் படுத்தியெடுத்தது இந்த அமர்கோசா பள்ளத்தாக்குதான். கோடை வெயில் தாங்காமல் கூலியாட்கள் ஓடினார்கள். ஆறு பெருகும்போது கட்டைப் பாலங்களைக் கொண்டுபோகும். 1940இல் ஓட்டம் நின்றது. உலகப்போருக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பெயரில் இருக்கும் டோனோபாவுக்கும் அந்தப் பாதை போய்ச் சேரவில்லை, டைட்வாட்டர் என்று சொன்னபடி கடலலை ஏறி இறங்கும் எந்தத் துறைமுகத்துக்கும் போய்ச் சேரவில்லை.

அப்பா அந்தக் கரையில் நடந்தார். வெட்டிய பாறையைத் தொட்டுப் பார்த்தார். மண்ணில் பாதி புதைந்திருந்த கட்டை ஒன்றைச் செருப்பால் தட்டினார். "வடிகால் ஒழுங்கா வைக்கல. அதான் வெள்ளம் அடிச்சிருக்கு" என்று, நூறு வருஷத்துக்கு முந்தைய எஞ்சினியர்மீது குறிப்பு எழுதினார். செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை அப்போது அகலப் பாதையாக்குவதற்காக மூடிக்கிடந்தது. 2010இல் மீட்டர்கேஜ் ரயில் நின்றதிலிருந்து, எப்போது திறப்பார்கள் என்பதுதான் அவருடைய நண்பர்கள் கூட்டத்தில் பேச்சு. அடுத்த வருஷம், 2018இல் திறந்தார்கள். ஆனால் அன்று பள்ளத்தாக்கில் நின்றபோது அதற்கு உறுதி இல்லை. வேறு எதுவும் பேசாமல் வண்டிக்குத் திரும்பினார். மில்க்‌ஷேக் கரைந்து போயிருந்தது. குடித்துவிட்டார்.

மீன் கதையை எனக்குச் சொன்னவர் நெஞ்சில் தழும்புள்ள அந்தக் கிழவர். இப்போது நாம் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறோமே, இந்த வெந்நீரில் முன்பு ஒரு மீன் இருந்தது என்றார். வேறெங்கும் கிடையாது, இந்த ஊற்றுகளின் கால்வாயில் மட்டும். நான் விளையாட்டு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது அத்தனையும் மெய். டெக்கோபா பப்ஃபிஷ். இரண்டு விரல்கடை நீளம். 1948இல் ராபர்ட் ரஷ் மில்லர் என்ற மீனியலாளர் அறிவியலில் பதிவு செய்தார். நாற்பது டிகிரி தாண்டிய வெந்நீரிலும் உயிர்வாழ்ந்தது. பழைய ஏரி வடிந்து போனபோது மிச்சத் தண்ணீரில் ஒண்டிக்கொண்ட மீனினத்தின் வாரிசு அது. ஏரி போனதைத் தாங்கியது. எங்களைப் போல் குளிக்க வந்தவர்களைத் தாங்கவில்லை. ஐம்பது அறுபதுகளில் குளியல் கட்டடங்கள் வந்தன. 1965இல் இரண்டு ஊற்றுகளின் கால்வாய்களையும் அகலப்படுத்தி ஒன்றாக இணைத்தார்கள். ஓட்டம் வேகமானது, சூடு ஆறுவதற்குள் தண்ணீர் கீழே ஓடியது. மீனுக்கு ஏற்ற இளஞ்சூட்டு இடம் இல்லாமல் போயிற்று. கொசுவைத் தின்னவும் தூண்டில்காரர்களுக்காகவும் வெளியிலிருந்து கொண்டுவந்துவிட்ட மீன்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 1970இல் அதை ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 1982இல் நீக்கினார்கள், இனம் அற்றுப்போனது என்று. அமெரிக்க அரசு அப்படிக் காரணம் காட்டிப் பட்டியலிலிருந்து எடுத்த முதல் உயிர் அதுதான்.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது. அணை கட்டவில்லை, ஆலைக் கழிவு விடவில்லை. மூட்டுவலிக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் வெந்நீர் தாராளமாக ஓடட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் வெட்டிய கால்வாய். சுற்றியிருக்கும் நாணலுக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பதையும் அந்தக் கிழவர் சொன்னார்: அமர்கோசா வோல், ஒருவகை வயலெலி. அதுவும் உலகில் இந்தச் சுற்றுவட்டச் சதுப்பில் மட்டும்தான். 1984 முதல் அது பட்டியலில் இருக்கிறது. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அதை வளர்த்துப் பெருக்கப் பார்க்கிறார்கள். கண்ணில் படவில்லை. வடக்கே எட்டு மைலில் இருக்கும் ஷோஷோனி என்ற ஊரின் குட்டையில் பப்ஃபிஷ்ஷின் உறவு ஒன்றை மட்டும் பார்த்தோம். அதுவும் அழிந்தது என்று கைவிடப்பட்டு, 1986இல் மறுபடி கண்டெடுக்கப்பட்டதாம். வெயிலில் நீலமாக மின்னி ஒன்றையொன்று துரத்தின. அம்மா, "அயிரை மாதிரி இருக்கு" என்றாள். பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

கிளம்புவதற்கு முன் ஆர்.வி.க்காரர்கள் செய்தாக வேண்டிய ஒரு காரியம் உண்டு. வண்டியின் அடியில் இரண்டு தொட்டிகள். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒன்றில். கழிப்பறைச் சமாசாரம் மற்றதில். கழிவு இறக்கும் இடத்துக்கு வண்டியை ஓட்டிப் போய், கையுறை மாட்டி, பெரிய குழாயைப் பொருத்தி, அழுக்குத் தொட்டியை முதலிலும் கழுவிய நீரைப் பின்னாலும் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் குழாய் அலசப்படும். அப்பா சற்றுத் தள்ளி நின்று மேற்பார்வை பார்த்தார். "நாங்க தண்டவாளத்துல விட்டுட்டுப் போயிட்டே இருந்தோம். நீ இத்தன மைல் பத்திரமா கூடவே கூட்டிட்டு வாரியேல" என்றார்.

டெத் வேலி பெரிய இடம்தான். உப்புப் பாலை, பொன்னிறக் குன்றுகள், எல்லாம் படங்களில் உள்ளபடியே. போகும் வழியில் டெத் வேலி ஜங்ஷனில் அமர்கோசா ஆபரா ஹவுஸ் வாசலில் நிறுத்தினோம். மார்ட்டா பெக்கெட் என்ற நியூயார்க் நடனக்காரி 1967இல் கணவரோடு டிரெய்லரில் ஊர் சுற்றும்போது இங்கே டயர் பங்ச்சர் ஆனது. அது ஒட்டப்படும் நேரத்தில் பாழடைந்த இந்தக் கூடத்தை எட்டிப் பார்த்தார். வாடகைக்கு எடுத்தார். அடுத்த பிப்ரவரியில் ஆட ஆரம்பித்தார். பார்வையாளர் வராத நாளும் உண்டென்று சுவர் முழுக்கப் பார்வையாளர்களைத் தானே வரைந்தார். ராஜா ராணி முதல் பாதிரிகள்வரை. 2012வரை அங்கே ஆடினார். நாங்கள் போனதற்குச் சில வாரம் முன்புதான், ஜனவரி இறுதியில், இறந்திருந்தார். கதவு சாத்தியிருந்தது. அப்பா கேட்டது ஒன்றுதான்: "பங்ச்சர் ஒட்ட வந்தவ அம்பது வருசம் இருந்திருக்கா. வீட்டுக்காரன் ஒண்ணும் சொல்லலியா?" கணவர் பிற்பாடு பிரிந்து போய்விட்டார் என்றேன். "சொல்லியிருப்பான்" என்றார்.

ஃபர்னஸ் கிரீக்கில் முகாமிடம் முன்பதிவு செய்திருந்தேன். பேட்வாட்டரில் உப்புத் தரைமேல் நடந்துவிட்டு வந்ததும், நிழலில் உட்கார்ந்து அப்பா மெல்ல ஆரம்பித்தார். இங்கே பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. இங்கே இருக்கிறவர்கள் எல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தப் பலகைக்காரரின் பாட்டரி சரியாக ஏறவில்லை என்றாரே, என்ன ஆயிற்றோ. அம்மா, முழங்கால் இப்போது தேவலை, இன்னொரு தடவை முங்கினால் நல்லது என்று சேர்ந்துகொண்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். முன்பதிவுப் பணம் போனால் போகிறது என்று வண்டியைத் திருப்பினேன்.

இருட்டும் நேரத்தில் டெக்கோபா போய்ச் சேர்ந்தோம். பழைய இடத்தில் வேறு வண்டி நின்றது. கனடாக்காரர் கையை ஆட்டி, தனக்கு மறுபக்கம் காலியிடம் காட்டினார். பலகைகளும் வந்தன. அன்றிரவு தொட்டியிலிருந்து வந்தபின் எல்லோரும் எங்கள் வாசலில் கூடினார்கள். அம்மா சுக்குக் காப்பி போட்டாள். கிழக்கே மலைக்குப் பின்னால் லாஸ் வேகஸின் வெளிச்சம் லேசாகத் தெரியும். மற்றபடி வானம் முழுக்க நட்சத்திரம். யாரும் அதைப் பார்க்கவில்லை. அப்பா செங்கோட்டை மலைப்பாதையில் ரயில் ஏறுவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் தள்ள ஓர் எஞ்சின். பதின்மூன்று கண் பாலத்தை விரலால் காற்றில் வரைந்தார். முதலில் நான் மொழிபெயர்த்தேன். கொஞ்ச நேரத்தில் நான் தேவைப்படவில்லை. சரக்கு வண்டி பின்னோக்கி நழுவிய ஒரு மழைநாளைப் பற்றி அவர் சொன்னதை நானே அன்றுதான் முதல் தடவை கேட்டேன். வேனிலிருந்த பெண்மணி, பிறகு என்ன ஆனது என்று இரண்டு முறை கேட்டார்.

இப்படித் திரும்பியதால் ஆர்.வி.யை ஒப்படைக்கும் கெடு தவறிவிட்டது. இர்வைன் வந்து சேர்ந்ததும் தாமதக் கட்டணம் போட்டார்கள். போன முன்பதிவுப் பணம் தனி. அப்பா இரண்டையும் கூட்டி, அன்றைய டாலர் விலையில் ரூபாயாக்கி, தன் பென்ஷனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நான் காத்திருந்தேன். "அதிகம்தான்" என்றார். பிறகு, கனடாக்காரரின் முகவரி எழுதிய துண்டுத்தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, செங்கோட்டைப் பாதை திறந்ததும் ஒரு கடிதம் போட வேண்டும், மறக்காமல் ஞாபகப்படுத்து என்றார். டிக்கெட்டை முன்னால் மாற்றுவது பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.